மீன்தொட்டி மோட்டாரை எப்போது நிறுத்தலாம்?

இரவு படுக்கப்போகும் முன் மீன்தொட்டியின் மோட்டாரை நிறுத்திவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சத்தம் ஒரு காரணம், மின்கட்டணம் இன்னொன்று. சிலர் டைமர் வாங்கி மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டம், ஒரு மணி நேரம் ஓய்வு என்று முறை வைத்துவிடுகிறார்கள். இந்த மோட்டார் ஓட்டுவது நீரைச் சுத்திகரிக்கும் ஃபில்டரை. அதை இப்படி நிறுத்துவது மீன்களுக்குச் செய்யும் கெடுதல். ஆனால் பவளத்தொட்டி (உப்புநீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டி) வைத்திருப்பவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைகூட மோட்டாரை நிறுத்தி ஓட்டுகிறார்கள். அது பவளத்துக்கு நல்லது. அந்த மோட்டார் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் இந்த முரண் தெளிந்துவிடும்.

தொட்டிக்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது. அதை அடிவரை கலந்துவிடுவது மோட்டார் தரும் நீரோட்டம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். ஒரு லிட்டர் காற்றிலோ ஏறக்குறைய 270 மில்லிகிராம் இருக்கிறது. அந்தக் கொஞ்ச ஆக்சிஜனும், அசையாத நீரில் தானாகப் பரவ ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் மலைப்பாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கடக்கச் சுமார் 4 நிமிடம். தொலைவு 10 மடங்கானால் நேரம் 100 மடங்காகும் என்பதால், ஒரு சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம். 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மாதம். மீன்கள் நீந்துவதும், மேலே குளிர்ந்த நீர் கீழே இறங்குவதும் தொட்டியைக் கொஞ்சம் கலக்கிவிடுவதால்தான் மோட்டார் நின்றதும் மீன்கள் செத்துவிடுவதில்லை.

இரவோ இருப்பதிலேயே மோசமான நேரம். விளக்கு அணைந்ததும் செடிகளும் பாசியும் ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிட்டு, மீன்களைப் போலவே அதை எடுத்துக்கொள்ள மட்டும் செய்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். 10 வாட் ஃபில்டரை தினமும் 10 மணி நேரம் நிறுத்தி வைத்தால் மாதத்துக்கு மிச்சமாவது 3 யூனிட். அதற்காக இந்தத் துன்பத்தை மீன்களுக்குக் கொடுக்க வேண்டுமா?

ஃபில்டருக்குள்ளும் உயிர்கள் இருக்கின்றன. பஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் ஒட்டி வாழும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்ற பாக்டீரியாக்கள், மீன் கழிவிலிருந்து வரும், மீன்களுக்கே நஞ்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட்டாக்கச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இவ்வளவு பசி உள்ள கூட்டத்தை கேனிஸ்டர் என்னும் மூடிய டப்பா வகை ஃபில்டருக்குள் நீரோட்டம் இல்லாமல் விட்டால், உள்ளே இருக்கும் ஆக்சிஜன் வெகுநேரம் தாங்காது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைக்கும் டைமர் அந்த மூச்சுத்திணறலைத்தான் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடத்துகிறது.

பவளத்தொட்டியில் கதை வேறு. அங்கே சுத்திகரிக்கும் வேலையை வேறு கருவிகள் பார்த்துக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு பவர்ஹெட்டுகளுக்கு நீரைத் தள்ளுவது ஒன்றே வேலை. பவளம் இடம்பெயர முடியாத விலங்கு. அதன் மேல்தோலை ஒட்டி, நகராத நீர் மெல்லிய படலமாக நிற்கிறது. மிக நுண்ணிய மின்முனையை அந்தப் படலத்துக்குள் இறக்கி அளந்திருக்கிறார்கள்: வெளிச்சத்தில், திசுவுக்குள் வாழும் பாசிகள் வெளிவிடும் ஆக்சிஜன் அங்கே மிகையாகத் தேங்குகிறது, இருட்டில் அதே இடத்தில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. நீரோட்டம் அந்தப் படலத்தை மெலிய வைக்கிறது. ஒரே திசையில் ஓயாமல் அடித்தால் முன்பக்கம் மட்டும் அலசப்படும், பின்பக்கக் கிளைகளில் கசடு சேரும். கடல் அலை போய்த் திரும்புவது. அதனால்தான் இரு பக்கமும் ஒவ்வொரு பவர்ஹெட் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றது நிற்கும்படி டைமரில் மாற்றி மாற்றி இயக்குகிறார்கள். (கடலில் வளரும் பவளத்தின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. மன்னார் வளைகுடாப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கின்றன.)

நிறுத்தி ஓட்டுவதற்கு மோட்டார் ஒரு விலை கொடுக்கிறது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஒரு சாதாரண பவர்ஹெட்டைத் திறந்து, உருளைக் காந்தத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைத் திருப்பிப் பாருங்கள். பல மாடல்களில் கொஞ்ச தூரம் அது தளர்வாகச் சுற்றும், பிறகுதான் காந்தம் கூடவே வரும். அந்தத் தளர்வு வேண்டுமென்றே வைத்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்தக் காந்தம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் ஓடும். நின்ற நிலையிலிருந்து ஒரே தாவலில் அதை எட்ட வேண்டும். நீரின் பாரம் இல்லாமல் கிளம்ப அந்தத் தளர்வு உதவுகிறது. கிளம்பும்போது கேட்கும் ‘கடகட’ ஓசை, காந்தம் முன்னும் பின்னும் உதறி இம்பெல்லரில் மோதுவது. 30 வினாடி ஓட்டம், 30 வினாடி ஓய்வு என்றால் நாளுக்கு 1440 முறை, ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் இந்த மோதல். உப்புப் படிவு சேர்ந்து தளர்வு இறுகிவிட்டால், மோட்டார் ரீங்காரம் மட்டும் செய்துகொண்டு சுற்றாமல் நிற்கும். எனவே இந்த வேலைக்கு, வேகத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டுக் கருவியோடு வரும் டிசி (நேர்மின்னோட்ட) மோட்டார்தான் என் தேர்வு. விலை அதிகம், ஆனால் தகும்.

அந்தக் கருவியால் இன்னொன்றும் முடியும். நான்கடி நீளத் தொட்டியில் அரை மீட்டர் ஆழ நீர் இருந்தால், அது ஒருமுறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்ப ஏறக்குறைய 1.3 வினாடி ஆகும். ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவதுபோல், இந்தக் கால இடைவெளியில் மோட்டார் உந்தினால் சிறிய உந்தல்கூட முழுத் தொட்டியையும் அலையாக ஆட்டிவிடும். கண்ணாடிகளை ஒட்டிய இணைப்பும் தாங்குமேசையும் உறுதியாக இல்லாவிட்டால் இதில் இறங்க வேண்டாம்.

நன்னீர்த் தொட்டியில் தீனி போடும்போது பத்து நிமிடம் ஃபில்டரை நிறுத்துவதில் தவறில்லை. தீனி இழுபடாமல் மீன்களுக்குக் கிடைக்கும். மின்வெட்டால் கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாமல் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே இருக்கும் நீரைக் கொட்டிவிட்டு, தொட்டி நீரிலேயே பஞ்சை அலசுங்கள். குளோரின் கலந்த குழாய் நீர் எஞ்சிய பாக்டீரியாவையும் கொன்றுவிடும். பிறகு ஓட விட்டு, இரண்டு மூன்று நாள் தீனியைக் குறைத்துப் போடுங்கள்.