“இயற்கைதானுங்களே டாக்டர்!”

போன வாரம் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நெற்றி வகிட்டில் தொடங்கி, இடது காதோரமாக இறங்கி, கழுத்து வரைக்கும் கறுப்புக் கோடுகள். நடுவில் இரண்டு இடத்தில் கொப்புளம் உடைந்து பொருக்குத் தட்டியிருந்தது. சூடான எண்ணெய் தெறித்துவிட்டதோ என்று கேட்டேன். இல்லையாம். பொடுகுக்காக நான்கு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தலையில் தேய்த்துக்கொண்டு, காயட்டும் என்று மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். சாறு வழிந்த தடம்தான் அந்தக் கோடு. இரண்டு நாள் கழித்து எரிச்சல், அப்புறம் கொப்புளம், அப்புறம் கறுப்பு.

“கெமிக்கல் ஒண்ணுமே போடுலீங்க டாக்டர். இயற்கைதானுங்களே!”

கூடவே ஒரு மஞ்சப்பையை என் மேசையில் கவிழ்த்தார். வெந்தயப்பொடி, பூந்திக்கொட்டை, சமையல் சோடா, ஒரு ஹேர் ஆயில், பெயர் ஒட்டாத பச்சைத் தூள், ஹார்லிக்ஸ் பாட்டிலில் சின்ன வெங்காயச் சாறு. மூன்று மாதத்தில் இத்தனையும் அந்த ஒரு தலை பார்த்திருக்கிறது. இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இந்த ‘இயற்கை’யைப் பேசி முடித்துவிடலாம். மூலனூர்ப் பக்கம் காடு காடாகக் கண்வலிக்கிழங்கு போடுகிறார்களே, அதுவும் இயற்கைதான். தின்றால் ஆளைக் கொன்றுவிடும். எருக்கம்பால் இயற்கை. வரப்பெல்லாம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் இயற்கை. அது ஒத்துக்கொள்ளாமல் முகமும் கழுத்தும் தடித்து, எருமைத் தோல் மாதிரி ஆகிப்போய் வருகிற விவசாயிகளை எங்கள் தோல் மருத்துவத் துறையில் பார்க்காத மருத்துவரே இருக்க மாட்டார். சீயக்காயில் நுரை வருகிறதே, அது சப்போனின் என்கிற கெமிக்கலால்தான். நீங்கள் குடிக்கிற தண்ணீரும் கெமிக்கல்தான். தோலுக்கு ‘இது மரத்திலிருந்து வந்தது, இது பேக்டரியிலிருந்து வந்தது’ என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எரிக்குமா எரிக்காதா, ஒத்துக்கொள்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

தலைத்தோலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, ஏறக்குறைய 5.5. (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்.) எலுமிச்சைச் சாறு 2-க்குக் கொஞ்சம் மேலே. சமையல் சோடா 8-க்கு மேலே. குளியல் சோப்பு 9, 10. காலையில் அமிலம், மாலையில் காரம் என்று மாற்றி மாற்றி ஊற்றினால் எந்தத் தோல்தான் தாங்கும்? போதாக்குறைக்கு எலுமிச்சையில் வெயில் பட்டால் தோலை வேகவைக்கிற சமாசாரம் வேறு இருக்கிறது. சாதத்தில் பிழியுங்கள், ஊறுகாய் போடுங்கள். தலைக்கு வேண்டாம். புழுவெட்டுக்கு வெங்காயமும் பூண்டும் தேய்த்துத் தோல் வெந்து வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

இதனால் என்னை அரப்புக்கும் சீயக்காய்க்கும் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, ஷாம்பு வாசனையே அறியாமல் வாழ்ந்தவர். அரப்புக்கான ஊஞ்ச இலையை நிழலில் உலர்த்தி இடித்து, சோறு வடித்த கஞ்சியில் கரைத்துத்தான் எங்கள் தலையில் அப்புவார். கண்ணில் பட்டால் வீடே அலறும். இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க நல்ல பொருள்தான், செலவும் குறைவு. தொட்டால் சிவக்கிற, சும்மாவே அரிக்கிற தலைக்காரர்கள் அதைப் போடுகிற விதத்தை மட்டும் மாற்ற வேண்டும். தூளை அப்படியே வைத்துத் தேய்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள் தோலைக் கீறும். அலசினாலும் லேசில் போகாது. வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் ஊற்றித் தேயுங்கள். சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் இதே முறைதான். செம்பருத்தி இலையின் கொழகொழப்பு இன்னும் மென்மை. ஆனால் நிறைய எண்ணெயை எடுக்காது. வடித்த சாறு மறுநாளைக்கு மேல் வேண்டாம், ஃபிரிட்ஜில் வைத்தாலும்தான். ‘பிரிசர்வேட்டிவே இல்லைங்க’ என்று பெருமையாகச் சொல்லி, பத்து நாள் புளித்த சீயக்காய்த் தண்ணீரோடு வந்தவர்களும் உண்டு. வீசிங் இருக்கிறவர்கள் தூளைச் சலிக்கவே வேண்டாம், மூக்கில் ஏறும். தலையில் புண்ணோ வெடிப்போ இருந்தால் ஆறும்வரை இதில் எதுவுமே வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும், பக்கெட்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்த உப்புத் தண்ணீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால், சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து பிசுபிசுவென்று முடியில் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் வெள்ளையாக உதிரும். அதைப் பொடுகு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் சோப்பு போடுவார்கள்! ஷாம்பு இப்படித் திரியாது. அதனால் உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் தலைக்குச் சோப்பை விட்டுவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். சிறுவாணியோ பவானியோ காவிரியோ, உங்கள் ஊர்க் குழாயில் எது வருகிறதோ அது.

சரி, எந்த ஷாம்பு? எல்லோரும் பெயர் கேட்கிறார்கள். நான் பெயர் சொல்வதில்லை, பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கச் சொல்கிறேன். முன்பக்கம் செம்பருத்தியும் கற்றாழையும் படமாக இருக்கும். பின்பக்கப் பட்டியலில் அவை கடைசி வரிசையில் எங்கோ நிற்கும். அதிகம் சேர்த்ததுதான் அதில் முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்து சோடியம் லாரில் சல்பேட் (அழுக்கெடுக்கிற நுரைப்பொருள்) என்றிருந்தால் மென்மையான தலைக்கு வேண்டாம். சோடியம் லாரெத் சல்பேட் அதைவிடச் சாது. கூடவே கோகமிடோபுரோபைல் பீட்டெய்ன் என்கிற மென்மையான நுரைப்பொருளும் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். ‘சல்பேட் ஃப்ரீ’ என்று போட்டாலே மென்மை என்று அர்த்தமில்லை. அதற்குப் பதிலாக ஓலிஃபின் சல்போனேட் போட்டிருந்தால் அதுவும் எண்ணெயை வறட்டு வறட்டென்று இழுத்துவிடும்.

ஒவ்வாமைக்காரர்கள் சல்பேட்டைவிட வாசனைக்கும், மெத்தில்ஐசோதயாசோலினோன் என்கிற பிரிசர்வேட்டிவுக்கும்தான் பயப்பட வேண்டும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கத்தார் 2013-இல் அந்தப் பிரிசர்வேட்டிவை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்றே அறிவித்தார்கள். ஷாம்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் தலைதான் அரிக்கும் என்றும் நினைக்காதீர்கள். தலைத்தோல் தடிமனானது, தாங்கிக்கொள்ளும். அலசும்போது நுரை வழிகிற இடங்கள் இருக்கின்றனவே, கண் இமை, காதுப் பின்புறம், பிடரி, அங்கேதான் முதலில் கிளம்பும். கண் மை, கம்மல், செயின் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுத் தூக்கிப் போட்டுவிட்டு, குற்றவாளியைக் குளியலறையிலேயே வைத்திருப்பார்கள்.

விலைக்கும் மென்மைக்கும் சம்பந்தமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு ‘ஆஃபர்’ பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். விலையை மில்லியால் வகுத்துப் பாருங்கள். பல சமயம் பெரிய பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவாக இருக்கும். புதிய ஷாம்புவைச் சோதிக்கவும் சாஷேதான் நல்லது: ஒரு துளியைத் தண்ணீரில் கலந்து காதுக்குப் பின்னால் தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். ஒரு வாரம் தினமும் இப்படிச் செய்து, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் தலைக்குப் போடலாம். இது ஷாம்புவுக்கு மட்டும். ஹேர் டையைச் சோதிக்கும் முறை வேறு.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிற பெண் ஒருத்தி, பஞ்சுத் தூசு போகவில்லை என்று தினமும் இரண்டு சாஷே போட்டு வந்தாள். தலைத்தோல் பளபளவென்று செக்கச்செவேல். “ஏம்மிணி, துணிக்கே இவ்வளவு போட மாட்டோமே?” என்றேன். வேலையில் தலையை மூடிப் பருத்தித் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். வாரத்துக்கு இரண்டு முறை அரைச் சாஷே, ஒரு சொம்புத் தண்ணீரில் கலந்து, அடித்தோலில் மட்டும். மற்ற நாட்களில் வெறும் தண்ணீர். மருந்தே எழுதவில்லை. மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது. நுரை குறைந்தால் அழுக்கு போகவில்லை என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை.

உண்மையாகவே பொடுகு என்றால் எண்ணெயை ஊற்றி ஊறவைக்காதீர்கள். பொடுகு வறட்சியால் வருவதில்லை. அதைக் கிளப்புகிற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. கீட்டோகோனசோல் என்கிற பூஞ்சை மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்புவை வாரம் இரண்டு முறை, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் தலையில் விட்டு அலச வேண்டும். போட்டதும் அலசிவிட்டு ‘கேக்கவே இல்லீங்க’ என்றால் அது மருந்தின் தப்பில்லை. நான்கு வாரத்தில் அடங்கவில்லை, வெள்ளி மாதிரி கனத்த செதிள், சீழ், வட்ட வட்டமாக முடி கொட்டுதல், குழந்தைக்குச் செதிலோடு முடி முறிதல் — இதில் எது இருந்தாலும் யூடியூபை மூடிவிட்டு நேரில் வாருங்கள், தயவுசெய்து.

வரும்போது தலைக்குப் போடுகிற எல்லாவற்றையும், அட்டைப்பெட்டியோடு, மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். வெங்காயச் சாறு மட்டும் வேண்டாம், என் அறை இன்னும் நாறிக்கொண்டிருக்கிறது.