அனாஃபிலாக்சிஸ்: தமிழில் 'கடும் ஒவ்வாமை'

பாரிஸில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரு ஆய்வாளர்கள் கடல் அனிமோனின் நஞ்சை நாய்களுக்கு ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய்க்குச் சில வாரம் கழித்து மிகக் குறைந்த அளவே கொடுத்தும், அது அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. உடம்பு நஞ்சுக்குப் பழகித் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தால், நடந்தது நேர்மாறு. கிரேக்கத்தில் 'ஃபிலாக்சிஸ்' என்றால் காப்பு. 'காப்புக்கு எதிரானது' என்ற பொருளில் 1902இல் அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்தான கார்போபிளாட்டினும் இப்படித்தான். பல சுற்று பிரச்சினையின்றி ஏறிய மருந்து, ஆறாவது சுற்றுக்கு மேல் திடீரென உடம்புக்கு ஆகாமல் போகலாம். பாக்ளிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து வேறு மாதிரி. முதல் அல்லது இரண்டாம் சுற்றிலேயே, டிரிப் தொடங்கிய சில நிமிடங்களில் ஒவ்வாமை வந்துவிடலாம். அதைக் கரைக்கச் சேர்க்கும் ஆமணக்கெண்ணெய் சார்ந்த பொருளுக்கும் இதில் பங்குண்டு. அதனால்தான் முன்கூட்டியே ஸ்டீராய்டும் அலர்ஜி மருந்தும் போடுகிறார்கள்.

அலர்ஜிக்குத் தமிழில் ஒவ்வாமை. 'கத்திரிக்காய் எனக்கு ஒத்துக்காது' என்கிறோமே, அந்த 'ஒத்து'வும் 'ஒவ்வு'ம் ஒரே வேர். அருமையான சொல்தான். ஆனால் கீமோ வார்டில் வாந்தி, முடி உதிர்தல் எல்லாவற்றையுமே 'மருந்து ஒத்துக்கலை' என்று சொல்லிவிடுகிறோம். அவை பக்க விளைவுகள், ஒவ்வாமை அல்ல. அனாஃபிலாக்சிஸுக்குக் 'கடும் ஒவ்வாமை' என்பதே பொருத்தம் என்பேன். 'ஒவ்வாமை அதிர்ச்சி' என்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலையை மட்டுமே குறிக்கும். அதுவரை காத்திருக்கக் கூடாது.

மருந்து ஏறும்போது உள்ளங்கை அரிப்பு, முகம் சூடாகிச் சிவப்பது, தடிப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், திடீர் முதுகுவலி, இவற்றில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். 'சின்ன அரிப்புதானே, அப்புறம் சொல்லிக்கலாம்' என்று இருந்துவிடாதீர்கள். டிரிப்பை நிறுத்துவார்கள், கடும் ஒவ்வாமை என்றால் தொடைத் தசையில் அட்ரினலின் போடுவார்கள். ஓரிரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, ஒவ்வாமையின்போது உடம்பு வெளிவிடும் டிரிப்டேஸ் என்ற நொதியின் அளவு பார்ப்பதும் உண்டு. அது ஏறியிருந்தால் கடும் ஒவ்வாமைதான் என்பது வலுப்படும். ஏறவில்லை என்பதற்காக இல்லை என்று தள்ளிவிட முடியாது.

அதே மருந்து தேவைப்பட்டால், மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் முறையும் இருக்கிறது.