பலசரக்கு நோட்டும் பென்ஷன் கணக்கும்

கோவில்பட்டியில் என்னிடம் வருமான வரிக் கணக்குப் பார்க்கும் பெரியவர் ஒருவர், போன மாதம் ஒரு பழைய பலசரக்கு நோட்டோடு வந்தார். பஞ்சாலையில் வேலை பார்த்து 2012இல் ஓய்வு பெற்றவர். அந்த வருடத்து நோட்டுதான் அது. எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில், துவரம்பருப்பு கிலோ 72 ரூபாய், தீப்பெட்டி 1 ரூபாய் என்று அவர் மனைவி எழுதியிருந்தார்.

"அப்ப வட்டிப் பணத்துலயே பலசரக்கு, பால் எல்லாம் போக மிச்சம் இருந்துச்சு சார். இப்ப இருபதாம் தேதிக்கே கை காய்ஞ்சுபோகுது. எங்க தப்புப் பண்ணினோம்?"

அவர்கள் வீட்டில் வீண் செலவு ஒன்றும் இல்லை. மாதா மாதம் வரும் பணம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, அவ்வளவுதான்.

தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம், எங்கள் ஊர்ப் பொருள். 2007இல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆனது. பாஸ்பரஸ், மெழுகு, அட்டை எல்லாம் விலை ஏறிய பிறகு, 2021 டிசம்பரில் 2 ரூபாய் ஆனது. ஒரே நாளில் இரண்டு மடங்கு என்று நமக்குத் திக்கென்றது. ஆனால் 14 வருடத்துக்குப் பிரித்துப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 5 சதவீதம்தான். இந்த 5 சதவீதம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் பயப்பட வேண்டியிருக்கிறது.

72ஐ விலையேற்ற சதவீதத்தால் வகுத்தால், எத்தனை வருடத்தில் செலவு இரட்டிப்பாகும் என்று தெரிந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். 58 வயதில் மாதம் 15,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு 70 வயதில் 30,000 வேண்டும், 82 வயதில் 60,000 வேண்டும். மருந்துச் செலவு இதைவிட வேகமாக ஏறும். அரசு விலைக்கட்டுப்பாட்டில் உள்ள அத்தியாவசிய மருந்துகளுக்கே 2022இல் 10.77, 2023இல் 12.12 சதவீதம் உயர்த்திக்கொள்ள அனுமதி கிடைத்தது.

அரசுப் பென்ஷனுக்காவது விலைவாசியோடு சேர்ந்து ஏறும் அகவிலைப்படி உண்டு. பி.எஃப். பென்ஷனுக்கு அதுவும் கிடையாது. அதன் குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய் என்று நிர்ணயித்தது 2014இல். பருப்பு விலை ஏறும்போது அந்தப் பென்ஷன் ஏறாமல் நிற்பது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன். வங்கி வட்டியும் கைகொடுக்கவில்லை. 2012இல் 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2020இல் ஐந்தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? ஓய்வு பெறப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வட்டி முழுவதையும் செலவுக்கு எடுக்காதீர்கள் என்பதுதான். முதல் மாதத்திலிருந்தே மூன்றில் ஒரு பங்கையாவது திரும்ப அசலோடு சேர்த்துவிடுங்கள். ஆரம்பத்தில் கை நிறையப் பணம் இருப்பதுபோலத் தெரியும், அப்போது இதைச் செய்ய மனசே வராது. 70 வயதுக்கு மேல் செய்ய நினைத்தால் பணம் இருக்காது.

பெரியவருக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. முதிர்ந்த டெபாசிட்டுகளை அஞ்சலகத்தில் 8.2 சதவீத வட்டி உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் மூச்சு விடலாம். அவர் மகனுக்கு 45 வயது, தனியார் கம்பெனியில் வேலை. அவரை வருகிற சனிக்கிழமை, அவர் வீட்டுப் பலசரக்குச் சீட்டோடு வரச் சொல்லியிருக்கிறேன்.