ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர்?

ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தால் சாதம் பொலபொலவென்று வருகிறது. கூடுதலாக நாலு பேர் சாப்பிட வருகிற அன்று நான்கு டம்ளர் அரிசி போட்டு, கணக்குப் பிசகாமல் எட்டு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறோம். சாதம் குழைந்துபோகிறது. சமைத்தவர் தன் கைப்பக்குவத்தையே நொந்துகொள்வார். பாவம், அவர் மேல் தவறே இல்லை. அந்த ஒன்றுக்கு இரண்டு வாய்பாடு பெரிய அளவுக்குப் பொருந்தாது.

ஊற்றும் தண்ணீர் இரண்டு வழியில் செலவாகிறது. ஒரு பங்கை அரிசி குடிக்கிறது, மீதி ஆவியாகிப் போகிறது. அரிசி நாலு மடங்கானால் அது குடிக்கும் தண்ணீரும் நாலு மடங்காகும். ஆவி அப்படி அதிகமாகாது. பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம், மூடி எவ்வளவு இறுக்கம், தீ எவ்வளவு, எத்தனை நிமிடம் கொதிக்கிறது என்பதைப் பொறுத்தது அது. உள்ளே அரிசி எவ்வளவு கிடக்கிறது என்பதால் அதில் பெரிய வித்தியாசம் வராது.

டம்ளர் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு டம்ளர் அரிசி வேகும்போது ஒன்றேகால் டம்ளர் தண்ணீரைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றிய இரண்டில் மீதி முக்கால் டம்ளர் ஆவி. அப்படியானால் நான்கு டம்ளர் அரிசி குடிப்பது ஐந்து, ஆவிக்கு அதே முக்கால், மொத்தம் ஐந்தே முக்கால். அளவு கூடினால் கொதி வரக் கொஞ்சம் நேரமாகும், அதற்காக ஆறு என்றே வைப்போம். எட்டு எங்கே, ஆறு எங்கே!

அரிசி ஏன் இவ்வளவு குடிக்கிறது? கடையில் வாங்கும் அரிசியிலேயே நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு ஈரம் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி மாவுச்சத்து, நெருக்கமாகக் கட்டிய நுண்மணிகளாக. பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் அவை ஓரளவுதான் ஈரம் ஏற்கும். அரிசி வகையைப் பொறுத்து சுமார் 55 முதல் 79 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்தக் கட்டு தளர்கிறது. தண்ணீர் உள்ளே புகுந்து மணிகள் உப்பி, மென்மையாகிப் பசைத்தன்மை அடைகின்றன. வேகுதல் என்பது இதுதான். மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற வகை கூடுதலாக இருந்தால் சாதம் உதிரியாக நிற்கும், தண்ணீரும் அதிகம் கேட்கும். அது குறைவான அரிசி குறைந்த தண்ணீரிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய அரிசி புது அரிசியைவிட அதிகம் குடிக்கும். புழுங்கலரிசிக்கு பச்சரிசியைவிடத் தண்ணீரும் நேரமும் கூடுதலாக வேண்டும்.

அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்தால், தன் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு தண்ணீரை அப்போதே குடித்துவிடும். ஊறிய தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக முழு அளவும் ஊற்றினால், அந்தக் கால் பங்கு இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். அதேபோல, அரிசியைக் காய்ந்தபடியே அளக்க வேண்டும், ஊறி உப்பிய பிறகு அளந்தால் கணக்கு தப்பும்.

விரலால் அளப்பவர்கள் நிறையப் பேர். அரிசிக்கு மேல் ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை, அதாவது சுமார் 2.5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும் என்பது கணக்கு. இந்த முறைமேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆவிச் செலவு அரிசியோடு சேர்ந்து அதிகமாகாது என்ற விஷயம் இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. 16 செ.மீ. அகலப் பாத்திரத்தில் அந்த 2.5 செ.மீ. தண்ணீர் சுமார் 500 மி.லி., அதாவது 200 மி.லி. டம்ளரில் இரண்டரை. இதோடு அரிசி மணிகளின் இடைவெளியை நிரப்பும் தண்ணீரையும் சேர்க்க வேண்டும். அது அரிசியின் கொள்ளளவில் பாதிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு டம்ளர் அரிசிக்கு மொத்தம் மூன்றரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக வரும், மேலே போட்ட கணக்குக்கு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. ஒரே டம்ளர் அரிசி என்றால் ஏறக்குறைய மூன்று டம்ளர் தண்ணீர் ஆகிவிடும், குழையும். நான்கு டம்ளருக்கு நாலேகால்தான் வரும், அரைவேக்காடாக நிற்கும். ஆக விரல் கணக்கு பொய்யில்லை, வழக்கமான பாத்திரத்தில் வழக்கமான அளவுக்கு மட்டும் அது நம்பகமானது.

மின்சார ரைஸ் குக்கர் இதே விஷயத்தை வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. அரிசி குடிக்காத தண்ணீர் மிச்சம் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. அது தீர்ந்த கணமே சூடு ஏறும், சில டிகிரி ஏறியதும் அடியில் உள்ள சிறப்புக் காந்தம் தன் காந்தத்தன்மையை இழக்கும், சுவிட்ச் விழும். 1955இல் ஜப்பானில் தோஷிபா வெளியிட்ட முதல் தானியங்கிக் குக்கர் இன்னும் எளிமையானது. யோஷிதாதா மினாமி உருவாக்கிய அதில் இரட்டைப் பாத்திரம். வெளிப் பாத்திரத்தில் ஊற்றிய ஒரு கப் தண்ணீர் ஆவியாகித் தீர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும், அதற்குள் உள்ளே அரிசி வெந்திருக்கும். தண்ணீரையே கடிகாரமாக்கிவிட்டார்கள்!

சரி, உங்கள் பாத்திரத்தின் ஆவிச் செலவை எப்படிக் கண்டுபிடிப்பது? சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும். ஆளுக்கு 75 முதல் 100 கிராம் அரிசி என்று எடுத்து (வெந்ததும் அது இரண்டரை, மூன்று மடங்கு எடையாகும்), தண்ணீர் ஊற்றி, மூடியோடு பாத்திரத்தை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவும்போது அரிசியில் ஒட்டிய தண்ணீரும் அந்த எடையில் வந்துவிடும். சாதம் வெந்து, அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து மறுபடி நிறுங்கள். தராசுத் தட்டின் மேல் ஒரு துணி மடித்துப் போட்டால் சூடு தாக்காது, இரண்டு தடவையும் அதே துணி இருக்கட்டும். குறைந்த எடைதான் ஆவி.

எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் 300 கிராம் அரிசியும் 600 கிராம் தண்ணீரும் வைத்தபோது 150 கிராம் குறைந்தது. அப்படியானால் அரிசி குடித்தது 450, அதன் எடையில் ஒன்றரை மடங்கு. சாதமும் பதமாக இருந்தது. அன்றிலிருந்து அரிசியின் எடையை ஒன்றரையால் பெருக்கி 150ஐக் கூட்டிக்கொள்கிறேன். 800 கிராமுக்கு 1,350 மி.லி. போதும், எடையிலும் ஒன்றுக்கு இரண்டு என்றே போட்டிருந்தால் 1,600 ஆகியிருக்கும். அரிசி மாறினால் ஒன்றரை மாறும், பாத்திரமோ மூடியோ மாறினால் 150 மாறும். பிரஷர் குக்கரில் ஆவி மிகக் குறைவாகவே வெளியேறும் என்பதால் அதற்குத் தனியாக ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.