லிஃப்டின் லாக் விழவில்லையா? வண்டிக்கு அடியில் போக மறுக்கலாம்

வாகனம் தூக்கும் லிஃப்டில் கோளாறு என்று தெரிந்தும், "அவசர வேலை, சமாளித்துக்கொள்" என்று முதலாளி சொன்னால் மெக்கானிக் மறுக்கலாமா? தாராளமாக மறுக்கலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் நிறைவேற்றிய 155-ஆவது உடன்படிக்கை அந்த உரிமையைத் தருகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து ஒருவர் விலகிக்கொண்டால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு. 19-ஆம் பிரிவின்படி, ஆபத்தை உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அது நீடிக்கும்போது, சரிசெய்யாமல் திரும்பி வேலைக்குப் போகச் சொல்ல முதலாளிக்கு அதிகாரம் இல்லை.

தக்க காரணம் என்பதை லிஃப்டே காட்டிக்கொடுக்கும். இரண்டு தூண் லிஃப்டில் வண்டி ஏறும்போது இரு தூண்களிலும் லாக் விழும் சத்தம் கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் அடியில் போகாதீர்கள். வண்டியைத் தாங்க வேண்டியது அந்த இரும்பு லாக்தான், ஹைட்ராலிக் எண்ணெய் அல்ல. எண்ணெய்க் குழாய் எப்போது வேண்டுமானாலும் கசியலாம். இழை அறுந்த கேபிள், தரையில் ஆடும் போல்ட், அதைச் சுற்றி விரிசல் விட்ட கான்கிரீட், தூக்கிய பிறகும் பக்கவாட்டில் நகரும் லிஃப்டின் கை (வண்டியைத் தாங்கும் இரும்புக் கரம்), அதன் நுனியில் தேய்ந்துபோன பேட் எல்லாமே நிறுத்துவதற்குப் போதுமான காரணங்கள். லிஃப்ட் நன்றாக இருந்தாலும், எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கும்போது வண்டியின் எடை ஒரு பக்கம் சாயும். தனியாகத் தாங்கு கொடுக்காமல் அந்த வேலையைச் செய்யச் சொன்னால் அதுவும் ஆபத்துதான்.

பழுது பார்க்கும் செலவை யார் ஏற்பது? பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது என்பது 21-ஆம் பிரிவு. சம்பளத்தில் பிடிப்பது அப்பட்டமான அநியாயம்.

உடன்படிக்கை உங்கள் நாட்டுச் சட்டத்தின் வழியாகவே நடைமுறைக்கு வரும். ஆயினும், 2022-இல் இது அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. பாதுகாப்பான பணிச்சூழல் என்ற கொள்கையை, இதை ஏற்று உறுதிசெய்யாத உறுப்பு நாடுகளும் மதித்தாக வேண்டும். பல நாடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் லிஃப்டைச் சோதிக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. சோதனைச் சான்றைக் கேளுங்கள்.

கோளாறை எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். பலன் இல்லையென்றால் தொழிலாளர் ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். அதில் லிஃப்டின் தகட்டில் உள்ள எடை வரம்பு, வரிசை எண், கடைசியாகச் சோதித்த தேதி மூன்றையும் குறிப்பிடுங்கள்.