குளத்தில் வள்ளம் இறக்க யாரிடம் கேட்க வேண்டும்?

இரணைமடுவோ வவுனிக்குளமோ, வள்ளம் இறக்கும் துறை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இலங்கையின் வடக்கே வன்னியில் ஓய்வதில்லை. துறையில் நன்னீர் மீனவர் சங்கத்தின் பலகை நிற்கலாம். ஆனால் அலைகரை, அதாவது நீர் ஏறி இறங்கும் குளத்தோரம், அரச ஒதுக்கிடம். பெரிய குளங்கள் மத்திய அல்லது மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. 80 ஹெக்டேர் வரை வயலுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். துறைக்குப் பாதை போடவோ கொட்டில் கட்டவோ முதலில் உங்கள் குளத்துக்குப் பொறுப்பான திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

மீன்பிடிக்கு வேறு சட்டம், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம். அதன்படி வள்ளத்தைப் பதிய வேண்டும். தொழிலுக்கு அனுமதிப்பத்திரமும் வேண்டும். வெடியும் நஞ்சும் முழுத் தடை. செவுள் வலையின் கண் 8.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

ஒரே தண்ணீருக்கு ஏன் இரண்டு அலுவலகம்? குளங்கள் வயலுக்காகவே கட்டப்பட்டவை. இரணைமடு வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. அப்போது அதை மீன்பிடி இடமாக யாரும் எண்ணவில்லை. 1952இல் திலாப்பியா இலங்கைக்கு வந்த பிறகுதான் நாட்டின் குளங்களில் மீன்பிடி ஒரு பெரிய சீவனோபாயமாக வளர்ந்தது. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கான உதவியை நிறுத்தியது, 1994இல் மறுபடி தொடங்கியது. 1998இன் 53ஆம் இலக்கச் சட்டத்தால் நெக்டா என்று நாம் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. குளத்து மீன்பிடி அலுவல், மீன்குஞ்சு விடுவது உட்பட, இன்று அவர்களிடம்தான்.

இதில் என்னை உறுத்துவது எழுத்து இல்லாததுதான். கடைசி யுத்தத்தில் வள்ளங்களும் போயின, பத்திரங்களும் போயின. திரும்பி வந்தவர்கள் பழைய துறையிலேயே இறங்கினார்கள், சரி. ஆனால் பழக்கத்துக்கு அலுவலகத்தில் மதிப்புக் குறைவு. இரணைமடுவின் கட்டு உயர்த்தப்பட்டு 2018இல் திறக்கப்பட்டது. குளம் நிறையும்போது நீர்மட்டம் இப்போது 36 அடி. நீர் ஏறும்போது துறை இடம் மாறும். எங்கே மாறலாம் என்பது பதிவில் இருந்தால் கமக்காரரோடு சண்டை வராது. அதனால் விதைப்புக்கு முன் கமக்காரரும் அலுவலர்களும் கூடும் பருவக் கூட்டத்திலேயே மீனவர் சங்கம் இதைப் பேசி, தீர்மானத்தில் எழுதுவிக்க வேண்டும்.

உங்கள் குளத்துத் துறைக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கிறதா என்று அறிய, 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாளுக்குள் தங்கள் முடிவை அவர்கள் அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் கையளித்ததற்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.