பழைய காருக்குப் பெயின்ட் அடிக்குமுன் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தகப்பனார் விட்டுப்போன நிசான் சன்னியைப் பதினான்கு வருடங்களுக்குப் பிறகு வெளியே எடுத்தார். அடித்தகட்டை வெட்டி ஒட்டி, டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்தார். பழைய உதிரிப்பாகம் தேடிப் பஞ்சிகாவத்தைக்கு எத்தனை தடவை அலைந்தார் என்று அவருக்கே கணக்கில்லை. எட்டாவது மாதம் கார் ஓடியது. பெயர் மாற்றப் போன அன்றுதான், பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருப்பதைக் கண்டார். கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. நிறுவனமும் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. "அவர்களிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார்கள் கவுண்டரில். கார் இன்றும் முற்றத்தில் நிற்கிறது, பளபளவென்று.

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வரியைக் கேட்டால் திறக்காதது போலத்தான் இருக்கிறது. ஆகவே வெள்ளவத்தை, தெகிவளை ஒழுங்கைகளில் தார்ப்பாய்க்குள் கிடந்த கார்களையெல்லாம் ஆட்கள் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லாரும் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட வேண்டாம். முதலில் புத்தகத்தை, அதாவது காரின் பதிவுச் சான்றிதழை, தேடுங்கள். காரைத் திருத்துவதா விடுவதா என்பதைத் துருவுக்கு முன்பே தீர்மானிப்பது அதுதான்.

புத்தகம் கையில் இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் செலுத்தி, பதிவேட்டில் உங்கள் வாகனத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்ற விவரத்தை வாங்குங்கள். பதிவு உரிமையாளர் யார், முழு உரிமையாளர் என்ற இடத்தில் யாராவது இருக்கிறார்களா, எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், நிறம் என்ன: இவ்வளவையும் தார்ப்பாய்க்குள் நிற்கும் காரோடு வைத்துப் பாருங்கள். அந்த ஆசிரியர் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டு இதைச் செய்திருந்தால் எட்டு மாதக் காசு மிஞ்சியிருக்கும். பழைய லீசிங் பெயர் கிடந்தால், அந்த நிறுவனமோ அதை வாங்கிக்கொண்ட நிறுவனமோ இன்னும் இயங்குகிறதா என்று தேடி, கடிதம் கைக்கு வந்த பிறகே கராஜுக்குப் போங்கள்.

அடுத்த குழி, ஓபன் பேப்பர். விற்றவர் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுப் படிவங்களோடு நான்கைந்து கை மாறிய கார்கள் கொழும்பில் நிறைய உண்டு. கைமாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம்மவர்கள் அதை 14 வருடம் என்று வாசித்துவிட்டார்கள். கையெழுத்திட்டவர் உயிரோடு, தேசிய அடையாள அட்டையோடு, தேவைப்பட்டால் நேரில் வரக்கூடியவராக இருந்தால் பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களைப் புதிதாக நிரப்பி வாங்குங்கள். அவர் இறந்துவிட்டார் என்றால், "கையெழுத்துத்தான் ஏற்கெனவே இருக்கிறதே, திகதியை மட்டும் போடுவோம்" என்று தரகர் சொல்வார். போடாதீர்கள். இறந்தவர் இறந்த பிறகு கையெழுத்திட்டதாகப் பத்திரம் பேசும், அதைக் கொண்டுபோய்க் கொடுப்பவர் நீங்கள்.

அட்டோர்னி தத்துவமும் (ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) அப்படியே. கனடாவில் இருக்கும் அண்ணன் கொடுத்த தத்துவம் அவர் இருக்கும்வரைதான் செல்லும். அவர் போனால் அதுவும் போய்விடும். தகப்பனாரின் கார் என்றால் மரணச் சான்றிதழ், மரணசாசனம் இருந்தால் அது, வாரிசுகளின் சத்தியக்கடதாசிகள் என்று ஒரு கட்டுச் சேரும். சொத்தின் அளவைப் பொறுத்து நீதிமன்றமும் ஏற வேண்டி வரலாம். சகோதரங்கள் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருந்தால் தூதரகக் கையெழுத்துகளுக்கே மாதங்கள் போகும். ஒரு தங்கை மட்டும் மனக்கசப்பில் இருக்கிறாரா? காரைத் தொடாதீர்கள், முதலில் தங்கையிடம் பேசுங்கள்.

இனி இலக்கங்கள். 1990களில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டியிருப்பார்கள். பதிவேட்டில் பழைய இலக்கமே இருக்கும். அதைத் திருத்த, அந்த எஞ்சினை வாங்கிய ரசீதும் சுங்கப் பத்திரமும் கேட்பார்கள். முப்பது வருடத்துக்கு முந்திய ரசீது யாரிடம் இருக்கிறது? சேசிஸ் இலக்கம் இன்னும் ஆபத்தானது. அது பொறித்திருக்கும் தகட்டைத் துரு தின்றிருக்கும்; டிங்கரிங் வேலைக்காரர் நல்ல மனதோடு அதை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டிவிடுவார். பிறகு வாகனப் பரிசோதகர் முன்னால் நீங்கள் திருட்டுக் கார் ஓட்டுகிறவர்போல் நிற்பீர்கள். வேலை தொடங்குமுன் இலக்கத்தைப் படம் எடுத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துவிட்டு, "இந்த இடத்தில் கை வைக்கக்கூடாது" என்று வாயால் அல்ல, எழுத்தில் சொல்லுங்கள். நிறத்தை மாற்றினால் அதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

காரைத் தெருவில் ஓட்ட வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் வேலை, பிரதேச செயலகத்தில் எடுப்பது. நாரஹேன்பிட்டிக்குப் போய் அதைக் கேட்டு அரை நாளை வீணாக்காதீர்கள். காரை நிறுத்திய காலத்தில் 'பயன்படுத்தவில்லை' என்ற அறிவித்தலை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் நின்ற வருடங்களின் கட்டணம் தண்டத்தோடு பாக்கியாகக் காத்திருக்கும். எவ்வளவு என்று திருத்த வேலைக்கு முன்பே கேட்டு, அதையும் காரின் விலையோடு கூட்டுங்கள். அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பரிசோதனைக்குக் கார் போக வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாத கார் தெருவில் ஓடக்கூடாது. இந்த வட்டத்தை வரைந்தவர் யாரும் கார் தள்ளியவர் அல்லர் என்று நினைக்கிறேன். முதலில் காப்புறுதியை எடுத்து, காரை ஒரு லொறியில் ஏற்றிப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். லொறிக் கூலி தண்டத்தைவிட மலிவு.

கவுண்டரில் "நாளை வாருங்கள்" என்றால் எந்தப் பத்திரம் குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழிலேயே கேளுங்கள், 1987 முதல் அதுவும் அரசகரும மொழி. எழுதித் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றதும் குரலில் ஒரு மரியாதை வரும்.

பத்திரமெல்லாம் சரியென்றால் மட்டும் காருக்குக் கீழே குனிந்து பாருங்கள். எஞ்சின் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். அடித்தகடும் கதவுக்குக் கீழுள்ள பகுதியும் ஸ்குரூடிரைவர் குத்தினால் உள்ளே போகின்றன என்றால், அது கார் அல்ல, காரின் நினைவு. விட்டுவிடுங்கள்.

விடும்போதும் கவனம். "காரை நீங்களே வைத்திருங்கள், புத்தகத்தை மட்டும் தாருங்கள், நல்ல விலை தருகிறேன்" என்று ஒருவர் வருவார். உங்கள் புத்தகமும் இலக்கமும் வேறொரு கள்ள வாகனத்தில் ஏறும்; விபத்து நடந்தால் பொலிஸ் தட்டும் கதவு உங்களுடையது. பழைய இரும்புக்குப் போடுவதென்றால் முதலில் பதிவை இரத்துச் செய்யுங்கள். இரத்துக் கடிதம் கைக்கு வந்த பிறகே இரும்புக்காரருக்குத் தொலைபேசி எடுங்கள்.